ஐந்தாவது சீட்டு ஆறு

சுருட்டப்பள்ளி தாண்டி, பஞ்சர் கடையின் மாடி.
கார்த்திகை மழை தகரத்தில் சில்லறை எண்ணுகிறது.
எங்களுக்குக் காசு என்றால் நட்டுகள்:
பைக் நட்டு நூறு, லாரி வீல் நட்டு ஆயிரம்.
கிரீஸ் விரலில் ஏறி
சீட்டுகளின் முதுகிலும் ஏறிவிட்டது.

கம்பெனியில் கூட வேலை பார்த்த கொரியாக்காரனிடம்
வரதய்யா கற்றுவந்த ஆட்டம்.
கையில் ரெண்டு, தரையில் அஞ்சு.
கடைசிச் சீட்டுக்கு ரிவர் என்று பெயராம்.
வரதய்யா 'ஏரு' என்பான்,
நாங்கள் ஆறு என்போம்.

இன்று ஆற்றில் வந்ததும் ஆறு.
ஆட்டின் ஆறு.

தரையில் ஏற்கெனவே ஆட்டின் ராணி, ஆட்டின் ஒன்பது,
ஒன்றுக்கும் உதவாத ஒரு நாலு, ஒரு ரெண்டு.
என் கையில் டைமண்ட் ராணி. கூடவே
ஆட்டின் ஏஸ்.
அதாவது, எல்லாரையும் அடிக்கிற அந்த ஒற்றைச் சீட்டு
அவனிடம் இல்லை. அது எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.
இதை வைத்துக்கொண்டு ஒருவன் எவ்வளவு தூரம் போகலாம்?

சிட்டிபாபு இருபது வீல் நட்டைத் தள்ளினான்,
ஒவ்வொன்றாக அல்ல, முழங்கையால், ஒரே தள்ளு.
நடுவில் கிடந்ததோ எட்டாயிரம்.
எட்டுக்கு எதற்கடா இருபது?
ஒன்றுமில்லாதவன் விரட்டுவதற்கு வைப்பான்,
எல்லாம் உள்ளவன் பிடுங்குவதற்கு வைப்பான்,
தொகை ஒன்றுதான்.

"சூஸ்தாவா?" என்றான்.
பார்க்கிறாயா என்று.
குரல் தாழ்ந்திருந்தது.

வெடித்த பிளாக்கை எம்-சீல் வைத்து மறைத்து
சத்தியவேட்டுக்காரனுக்கு டிராக்டர் விற்றபோது
இந்தக் குரலில்தான் பேசினான்.
சரி, பொய் என்று நட்டை எடுக்கப் போனேன்.
அப்புறம் ஞாபகம் வந்தது,
தம்பி செத்ததை எனக்கு போனில் சொன்னதும்
இதே குரல்.

என் சட்டைப்பையில் பத்தொன்பது பெண்களின் சீட்டுப் பணம்.
மஞ்சள் பையில் மடித்து, பெயர் எழுதி.
புஷ்பகாந்தியின் நோட்டு மட்டும் எப்போதும் மீன் வாசம்.
ஒரே சொல்லை இரண்டு தொழிலுக்கு வைத்த பாஷையை
அப்போதுதான் திட்டினேன்.

கீழே கோயிலில் விஷம் குடித்தவன்
அம்பாள் மடியில் தலைவைத்துப் படுத்திருக்கிறான்.
அவன் குடித்துத்தான் பார்த்தான்.
ஆனால் கழுத்தைப் பிடித்து நிறுத்த
பக்கத்தில் ஆள் இருந்தது.

கவிழ்த்தேன்.

ராணி முகம் குப்புற விழுந்தாள், ஏஸும்.
சிட்டிபாபு தன் இரண்டு சீட்டையும்
கட்டுக்குள் செருகிக் கலைத்துவிட்டான்.
காட்டேன் என்றேன்.
பார்க்க வேண்டுமானால் கட்டியிருக்க வேண்டும் என்றான்.
நியாயம்தான்.

என் வீடு அக்கரை.
தரைப்பாலத்தின் மேல் ஆரணியாறு ஓடிக்கொண்டிருந்தது,
பாலம் எங்கே முடிகிறது என்று காட்டாமல்.
போலீஸ்காரர் கட்டிய கயிற்றில் ஒரு சிவப்புத் துணி.
ஒரு பால்வண்டி விளக்கைப் போட்டு நின்றது,
நனைந்த ஹாரனை ரெண்டு தரம் அடித்தது,
பின்னாலேயே போய்விட்டது.
நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். பழுப்பு. வேகம்.
வண்டியைத் திருப்பி, மூடிய டீக்கடையில்
பெஞ்சின் மேல் உட்கார்ந்தபடி விடியவைத்தேன்.
பை பத்திரமாக இருந்தது. ரெண்டு தரம் தொட்டேன்.
மூன்றாம் தரமும்.

"ராத்திரி நான் அதில்தானே போனேன்,
முழங்கால் தண்ணிதான்" என்றான்
காலையில் சிட்டிபாபு.

குரல் தாழ்ந்திருந்தது.