மேல்பட்டையில் நாற்பது புள்ளி

கொரடாச்சேரிக்குத் தெற்கே
நெல் கொள்முதல் நிலையத்தில்
நான் பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
மூட்டை எண்ணுவது பகல் வேலை.
இரவில்
ஒரு கடிகாரம் எழுதுகிறேன்.

செய்வதில்லை, எழுதுவது.
உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய லினக்ஸ் டேப்லெட்.
லாரி ஓட்டும் ஜெகபர்
நாகூரில் யாரிடமோ எழுநூறு ரூபாய்க்கு வாங்கி வந்தது.
பேட்டரி எவ்வளவு என்று காட்டும்,
வைஃபை இல்லை என்று காட்டும்,
மணி மட்டும் காட்டாது.
அதைச் செய்தவனுக்கு
எந்த பஸ்ஸையும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை போலும்.

மேல்பட்டையில், இரண்டு படங்களுக்கு நடுவே
நாற்பது புள்ளி அகலம் காலி.
நான்கு இலக்கம், ஒரு முக்காற்புள்ளி.
இடித்துப் பிடித்து உட்கார்ந்துவிடும்.

முதல் பதிப்பு நொடிக்கொருமுறை விழித்தது.
முக்காற்புள்ளி கண் சிமிட்டியது.
அழகாய்த்தான் இருந்தது,
பன்னிரண்டு மணிக்குள் பேட்டரி செத்தது.
தூங்குகிறவனை நொடிக்கொரு தரம் தட்டி
மணி பார்த்தியா, மணி பார்த்தியா என்றால்
யார்தான் பிழைப்பார்கள்.

இரண்டாவது, நிமிடத்துக்கொருமுறை.
ஆனால் தன்னைத் தொடங்கிய கணத்திலிருந்து
அறுபது எண்ணிக்கொண்டிருந்தது.
ஊருக்கு நாற்பத்தொரு நொடி பின்னால் நடந்தது.
அடுத்த நிமிடம் பிறக்க எத்தனை நொடி பாக்கியோ
அத்தனை மட்டும் தூங்கு என்று திருத்தினேன்.

மூன்றாவது:
திரை அணைந்தால் கடிகாரமும் நிற்கட்டும்.
பார்க்க ஆளில்லாதபோது மணி எதற்கு?

எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.
தார்ப்பாய் மூடிய நெல் குவியல்கள்.
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் ஆள்,
எட்டு நாளாய், மடியில் டோக்கனோடு.
அந்த வரியை அழிக்கவில்லை.
கீழே ஒன்று சேர்த்தேன்:
விழித்ததும் முதலில் மணியைத் திருத்து, பிறகு திரையைக் காட்டு.
இல்லாவிட்டால் ஒரு கண்ணிமைப்புக்கு
அணைந்தபோது இருந்த மணி தெரிகிறது,
அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி.

டோக்கன் நூற்றுப் பன்னிரண்டு, தையல்நாயகி.
நெல்லில் ஈரம் பதினெட்டு.
பதினேழுக்கு மேல் எடுக்க எனக்கு உத்தரவில்லை.
காய வைப்பார், பனி இறங்கும்,
மறுபடி பதினெட்டு.

அன்று தூறல்.
டேப்லெட் முழுசாய் அணைந்து கிடந்தது.
ஜெகபர் லாரியில் சார்ஜ் ஏற்றி
உயிர் வந்ததும்
'மணி என்ன தம்பி?' என்று எட்டிப் பார்த்தார்.

5:30.

'அஞ்சரையா? கரி வண்டியே இன்னும் போகலையே.'

காரைக்காலிலிருந்து கரி ஏற்றி வரும் கூட்ஸ்.
அதற்கு அட்டவணை கிடையாது,
ஆனாலும் இவருக்குத் தெரியும்.

தேதியைத் திறந்தேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது, ஜனவரி ஒன்று.
மின்சாரம் மறந்த இயந்திரத்துக்குக் காலம் அங்கேதான் தொடங்குகிறது.
லண்டனில் நடுராத்திரி,
கொரடாச்சேரியில் அஞ்சரை.
விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்: மார்கழி பதினேழு.
அங்கேயும் பதினேழுதான்.

'வருஷம் தப்பா இருக்கும்மா, எழுபதுன்னு காட்டுது.'
'எழுபதா? நான் பொறக்கவேயில்ல.'
முந்தானையால் மழையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.
'அப்படின்னா வரிசையில இன்னும் யாருமே வரல.
நாந்தான் மொத ஆளு. போடு தராசை.'

பக்கிரிசாமி மூட்டை மேலிருந்து
தூக்கத்திலேயே சிரித்தார்.
சுமை தூக்குகிற தோள் அது, குலுங்கியது.

பிறகு தண்டவாளம் அதிர்ந்தது.
ஐம்பதுக்கு மேல் பெட்டி,
எண்ணி முடிக்கவில்லை.
'ரெண்டேகால்' என்றார் அவர்.
ஜெகபரின் போன் ரெண்டு பதிமூன்று என்றது.

விடிவதற்குள் நான்காவது பதிப்பு.
நான் இதை எழுதும் ஆண்டுக்கு முந்தைய
எந்த ஆண்டைக் கண்டாலும்
மணி சொல்லாதே.
நாலு கோடு போடு, நடுவே முக்காற்புள்ளி.
தெரியாது என்பதும் நாற்பது புள்ளிக்குள் அடங்குகிறது.

ஒன்பது மணி, ஜன்னல் திறந்தது.
'என் மூட்டை எப்ப ஏறும்?'
'நாளைக்கு' என்றேன்.

தையல்நாயகி என் முகத்தைப் பார்க்கவில்லை.
நெற்றியைப் பார்த்தார்,
அங்கே ஏதோ காட்ட வேண்டியது போல.