புழுக்கைக் கணக்கு

மெஷின் ஆபரேட்டர் கேவல்ராம்
ஊருக்கு மொத்தமாகக் கிளம்பிய அன்று
கிரானைட் பட்டறை ஆபீசில், என் மேசைமேல்
ஒரு பெயின்ட் வாளியை வைத்துவிட்டுப் போனார்.
வாளிக்குள் முயல்.
"பேரு கபூர். சப்பாத்தி போடுங்க மேடம், போதும்."

பழையபேட்டை வாடகை வீட்டில்
கற்பூரம் என்று மாற்றிக் கூப்பிட்டேன்.
கபூருக்கும் திரும்பவில்லை,
கற்பூரத்துக்கும் திரும்பவில்லை.
மாவு பிசைகிற சத்தத்துக்கு மட்டும்
இரண்டு காதும் எழுந்தன.

மாட்டாஸ்பத்திரியில்
எனக்கு முன்னால் நாலு எருமை, ஒரு சேவல்.
டாக்டரம்மா உதட்டை விலக்கி டார்ச் அடித்தார்.
"இதுக்குப் பல் வளர்ந்துகிட்டே இருக்கும்,
சாகிற வரைக்கும் நிக்காது.
தேயணும்னா புல் வேணும். காய்ஞ்ச புல்.
சப்பாத்தி எதையும் தேய்க்காதும்மா."

தேய்ப்பு எனக்குத் தெரியும்.
பர்கூர் ரோட்டில் பதினோரு வருஷமாக
கல் தேய்கிற சத்தத்துக்கு நடுவில்தான்
சதுர அடிக் கணக்கு எழுதுகிறேன்.
தண்ணீர் விட்டு, கட்டை மாற்றி மாற்றி,
கறுப்புக் கல்லில் முகம் தெரிகிற வரைக்கும்.

கூரியரில் வந்தது புல்.
கிலோ அறுநூற்றைம்பது.
பில்லை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்தேன்,
வீட்டில் நான் ஒருத்திதான் என்றாலும்.

மேலே கொத்துமல்லி தூவினேன்.
கொத்துமல்லி போயிற்று.
பில் புத்தக அட்டையைக் குழலாய்ச் சுருட்டி
உள்ளே புல்லைத் திணித்தேன்.
அட்டை போயிற்று.
அது ஒன்றுக்குப் போகிற மூலையில் வைத்தால்
தின்றுகொண்டே இருக்கும் என்றார்கள்.
மெத்தை என்று நினைத்துப் படுத்துத் தூங்கியது.
கே.ஆர்.பி. அணைப் பக்கம் போய்
கொழுக்கட்டைப் புல் அறுத்துவந்து மாடியில் காயவைத்தேன்.
எதிர்வீட்டு ஆடு படியேறி வந்து தின்றது.
கடைசியில் நானே ஒரு தாளை வாயில் வைத்து
மென்று காட்டினேன்.
பக்கவாட்டில் ஒற்றைக் கண்ணால் பார்த்தது,
சம்பளத்தில் நாலு மணிநேரம் விட்டுப்போனபோது
கேவல்ராம் என்னைப் பார்த்த மாதிரி.

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்கள்
முயல் பிடிக்கிற பிடிவாதத்தைப் பார்த்ததில்லை.

சலான் புத்தகத்தின் பின்பக்கத்தில்
புழுக்கை எண்ணி எழுதத் தொடங்கினேன்.
செவ்வாய், நூற்றுப்பத்து.
புதன், எழுபது. சிறுத்து, மிளகு மாதிரி.
வியாழன், பத்தொன்பது.
அன்று ராத்திரி சப்பாத்தி சுட்டேன்.
கால் துண்டு கொடுத்தேன்.
மீதியை நான் தின்னவில்லை.

வெள்ளிக்கிழமை எதிர்வீட்டு சம்ஷாத்
தோப்பிலிருந்து ஒரு கூடை பெங்களூரா காய் கொடுத்தாள்,
ஆடு தின்ற புல்லுக்கு ஈடாம்.
பழுக்கவைக்க வைக்கோல் இல்லை.
யாருக்கும் வேண்டாத ஒன்று
கிலோ கணக்கில் இருந்தது.
கூடையில் பரப்பி, காய் அடுக்கி, மறுபடி பரப்பி,
சாக்குப் போட்டு மூடி
சமையல்கட்டு மூலைக்குத் தள்ளினேன்.

ஞாயிறு, ராத்திரி ரெண்டு மணி.
கரண்ட் இல்லை. பேன் நின்ற வீட்டில்
கறுக் கறுக் கறுக்.
எங்கள் பட்டறையை யாரோ
தீப்பெட்டிக்குள் வைத்து ஓட்டுகிற மாதிரி.

செல்போன் வெளிச்சத்தில்
சாக்கு விலகிக் கிடந்தது.
முன்னங்கால் இரண்டும் கூடை விளிம்பில்.
வாயிலிருந்து நீண்ட ஒரு தாள்
உள்ளே உள்ளே போய்க்கொண்டிருந்தது,
மாம்பழ வாசம் ஏறிய தாள்.
காயை அது சீண்டவில்லை.
"கபூர்" என்றேன், மெதுவாக.
ஒரு காது திரும்பியது.
வாய் நிற்கவில்லை.

கேவல்ராமுக்குப் போட்டோ அனுப்பினேன்.
விடிந்த பிறகு பதில் வந்தது,
"சப்பாத்தி?"

திங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு.
உருண்டையாக, நசுக்கினால் வெறும் புல்லாக.
கூடைக்கு அடியில் நாலு தாள் மிச்சம்.
காய்களோ காம்படியில் மட்டும் மஞ்சளித்து
அப்படியே நின்றுவிட்டன.
சம்ஷாத்திடம் கல்லுப்பு கடன் வாங்கி
ஊறுகாய் போட்டுவிட்டேன்.