மூன்றாம் அறைக் கதவில் ஒட்டும் தாள்

ஐந்தாவது முறையாகக் கிழித்து எழுதுகிறேன்.

சுங்கை பெரியாவுக்கு வந்திருக்கிறீர்கள்.
தமிழ்க் காதுக்கு அது பெரிய ஆறு,
மலாய்க்காரரைக் கேட்டால் பாகற்காய் ஆறு.
மேலே ஆலைக்காரன் கழிவைத் திறந்துவிடும் நாளில்
மலாய்ப் பெயர்தான் பொருத்தம்.
அன்றைக்கு ஆற்றில் இறங்கவேண்டாம்.

இது முன்னே கிராணி வீடு.
சம்பள நாளில் ஆட்கள் வரிசை நின்ற இடத்தில்
இப்போது உங்கள் செருப்பு.
வங்கிக் கடன் இன்னும் நாற்பத்தோரு மாதம்.

குளிரூட்டி இல்லை.
மேல்சன்னலையும் கீழ்ச்சன்னலையும் சேர்த்துத் திறந்தால்
பத்து மணிக்கு மேல் செம்பனைக்குள்ளிருந்து காற்று வரும்.
வராத இரவும் உண்டு.

வாளியில் இருப்பது கூரைத் தண்ணீர்.
குளித்த தண்ணீர் வாழைக்குப் போகிறது.
நீங்கள் கொண்டுவந்த ஷாம்பு
நாளை மறுநாள் உங்கள் தட்டில் பழமாக வரலாம்.
பார்த்து நுரைக்க வையுங்கள்.

துண்டைத் தினமும் துவைக்கமாட்டோம்.
துவைப்பவர் ஜெயகௌரி.
அவர் இடுப்பும் இயற்கை வளம்தான்.

தண்ணீர் கண்ணாடிப் போத்தலில் இருக்கிறது,
கொதித்து ஆறியது.
கொஞ்சம் புகை வாசம் வந்தால்
விறகடுப்பைத் திட்டுங்கள், என்னை வேண்டாம்.

இதுவரை பழைய தாளில் இருந்தது.
இனி எழுதுவது புதிது.

போன மார்ச்சில்
ஈப்போவிலிருந்து வந்த ஒரு குடும்பம்
இரவு ஒன்றரைக்கு என் கதவைத் தட்டியது.
எலி.
பிள்ளையின் பிஸ்கட் பைக்குள் எலி.
இருநூற்று எண்பது வெள்ளியை
எண்ணித் திருப்பிக் கொடுத்தேன்.
அவர்கள் கார் விளக்கு தார்ச்சாலையில் திரும்பும்வரை
கையில் டார்ச்சோடு நின்றேன்.

விடிந்ததும் பட்டணத்துக்குப் போய்
லிம் கடையில் நீலக் கட்டி வாங்கினேன்.
யாரிடமும் சொல்லவில்லை, ஜெயகௌரியிடம்கூட.
குசினிக்கு அடியில், தொட்டிக்குப் பின்னால், கூரை இடுக்கில்,
மொத்தம் ஒன்பது இடம்.

எலி குறைந்தது.
அந்த வாரம்தான் வாசலில் இருந்த
‘பசுமை விடுதி’ப் பலகைக்குப்
புது வர்ணம் அடித்தேன்.

பின்வரிசைச் செம்பனைக்குள்
தோட்டத்தார் எலிக்காக நட்ட கம்பம் ஒன்று,
அதன் தலையில் ஒரு மரப்பெட்டி.
பெட்டிக்குள் கூகை.
மாலையில் விருந்தினரை அழைத்துப் போய்க் காட்டுவேன்:
தட்டு மாதிரி வெள்ளை முகம்,
ஒரு சத்தமும் இல்லாமல்
இருட்டைத் தாண்டிப் போகும்.
மூச்சை அடக்கிப் பார்ப்பார்கள்.
எனக்கும் கொஞ்சம் பெருமையாக இருக்கும்,
நானே செய்த பறவை போல.

பதினெட்டாம் நாள் காலை
அது வாழைக்கடியில் கிடந்தது.
இறகில் ஒரு கீறல் இல்லை.
அலகோரம் மட்டும் கொஞ்சம் ரத்தம்.
“வயசாயிருக்கும்” என்றார் ஜெயகௌரி.
ஆமாம் என்றேன்.
அந்த ஆமாம்
இன்னும் தொண்டையைவிட்டு இறங்கவில்லை.

ஒன்பதில் எட்டைத்தான் திரும்ப எடுக்க முடிந்தது.
மீதி ஒன்றை எங்கே வைத்தேன் என்று
படுத்தால் தேடுகிறேன்.

பலகையைக் கழற்றிவிட்டேன்.
தூணில் ஆணித்துளை இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

ஆகவே,
இந்த வீட்டில் எலி உண்டு.
பிஸ்கட், வறுத்த கடலை, பிள்ளைகளின் மிட்டாய்
எல்லாவற்றையும் அலமாரியில் உள்ள மைலோ டின்னில் போட்டு
மூடியை அழுத்துங்கள்.
சத்தம் கேட்டால் கையைத் தட்டுங்கள், போய்விடும்.
திரும்பியும் வரும்.

பெட்டி காலியாகத்தான் இருக்கிறது.
நேற்று அதன் வாயில்
வெள்ளையாக ஏதோ அசைந்ததாம், ஜெயகௌரி சொல்கிறார்.
நான் போய்ப் பார்த்தபோது
காற்றில் மாட்டிய பிளாஸ்டிக் பை போலிருந்தது.
ஏணி எட்டவில்லை.

பணம் திரும்ப வேண்டுமென்றால்
எந்த நேரமும் கதவைத் தட்டலாம்.
விழித்துத்தான் இருப்பேன்.

கோ. தில்லைக்கரசி