சாம்பல் எழுத்து

தாலின் துறைமுகம். பனி. இரவு இரண்டரை.
ஹெல்சிங்கி போகும் கப்பலில்
நாய்களுக்கெல்லாம் முதியோர் சலுகை
கொடுத்துக்கொண்டிருக்கிறது மென்பொருள்.

லேலோ தேடிப் பிடித்த வரி
நானூற்றுப் பன்னிரண்டு.
எழுதியவர் பெயர்: லேலோ.

எழுதினேனா?
பாதிச் சொல் அடித்திருப்பேன்.
மீதியை எடிட்டர் ஊகித்துச்
சாம்பல் எழுத்தில் நீட்டியிருக்கும்.
டேப் விசையைத் தட்டி
உள்ளே விட்டிருப்பேன்
முகம் பார்க்காமல்.

நாய்க்கு ஒரு வயதென்றால் நமக்கு ஏழு என்று
எங்கோ படித்துவிட்டுப்
பெருக்கியிருக்கிறது, பாவம்.

சிரித்தாள். அறையில் ஹீட்டர் மட்டும்.

பெருக்கலை அழித்துவிட்டு
காரணம் எழுத ‘நாய்’ என்று தொடங்கியதும்
முழு வாக்கியமும் வந்து நின்றது.
சரியான வாக்கியம்தான்.

அதையே
ஒவ்வோர் எழுத்தாகத் தானே அடித்தாள்.

ஆறு மணிக் கப்பலில்
ஒரு கிழ நாய்
முழுக் கட்டணத்தில் ஏறியது.