பூச்சியம்

ஞாயிறு காலை ஐந்தரைக்கு
ஒட்டியம்பாக்கம் ஏரிக்கரையில் நாலு வண்டி.
மேடவாக்கத்துப் புழுதி போதாதென்று
இன்னும் புழுதி தேடிப் போகிறவர்கள் நாங்கள்.

கலங்கலிலிருந்து மதகு வரை ஒற்றைத் தடம்.
இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்.
எதிரே ஆள் வந்தால்
யாராவது ஒருவர் முள்ளில்தான் ஒதுங்க வேண்டும்.
அந்த ஒருவர் எப்போதும் தேசம்மாவாக இருந்தாள்.
டிவிஎஸ் ஐம்பது, இரண்டு பக்கமும் பால்கேன்,
கால் வைக்கும் இடத்தில் புல்லுக்கட்டு.

முதல் மாதம் அவளை நாங்கள் பார்த்ததில்லை.
பார்த்தோம்,
ஒரு வளைவைப் பார்ப்பதுபோல.

ஒருநாள் வண்டியைக் குறுக்கே நிறுத்தினாள்.
முந்தானையால் கேன் மூடியைத் துடைத்துக்கொண்டே
"மொத வண்டி போச்சேன்னு ஏறுனா ரெண்டாவது வருது.
அது போச்சேன்னு ஏறுனா மூணாவது.
எத்தினி பேருன்னு சொல்லிட்டுப் போனா
கொறஞ்சா பூடுவீங்க?"

நாலு ஹெல்மெட்டுக்குள்ளும் பதில் இல்லை.
ஷெரின்தான் கையுறையைக் கழற்றினாள்.

அன்றிலிருந்து,
ஆளைக் கண்டதும் வேகம் நடைக்கு இறங்கும்.
முன்னால் போகிற ஷெரின் மூன்று விரல் காட்டுவாள்,
பின்னால் இன்னும் மூவர்.
நௌஃபல் இரண்டு.
பிரகலாதன் ஒன்று.
கடைசியில் நான்,
மூடிய கை.
எனக்குப் பின் யாரும் இல்லை, நீங்கள் போகலாம்.

எருமைகள் நின்றால் என்ஜினை அணைப்போம்.
அவற்றிடம் விரல் காட்டிப் பயனில்லை.
வாலால் ஒரு வீச்சு, அதுதான் அவை தரும் அனுமதி.

வைகாசியில் ஒரு ஞாயிறு.
முந்தின இரவு யாரோ சவுடு அள்ளியிருந்தார்கள்.
போன வாரம் தடமாக இருந்தது
இந்த வாரம் ஆளுயரப் பள்ளம்.
மூவரும் எப்படித் தப்பினார்களோ,
அவர்கள் கிளப்பிய புழுதியில்
நான் கண் திறந்தபோது
வண்டி மேலே, நான் கீழே.
சைலன்சர் கெண்டைக்காலில்.
போன் எங்கோ பெட்ரோல் வாசனையில்.

கத்தினேன்.
ஆள்காட்டிக் குருவி ஒன்று
என்னைவிட நன்றாகக் கத்தியது.
வானத்தில் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானம்,
சக்கரங்களை நீட்டிக்கொண்டு, மிக நிதானமாக.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
பிறகு கேட்டது
உலகத்திலேயே மெல்லிய என்ஜின் சத்தம்,
கேன்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம்.

பள்ளத்தின் விளிம்பில் ரப்பர் செருப்பு.
"மூணு வந்துச்சு, ரெண்டு வந்துச்சு, ஒண்ணு வந்துச்சு.
மூடுன கை வரலியேன்னு நின்னுகினே இருந்தேன்."

புல்லுக்கட்டுக் கயிறு கைப்பிடியில் ஏறியது.
அவள் இழுத்தாள், நான் தள்ளினேன்,
இருவரும் ஏரியைத் திட்டினோம்,
ஏரி அதற்கு ஒன்றும் செய்யவில்லை.
குடிக்க வைத்திருந்த தண்ணீரை
முழு பாட்டிலும் என் காலில் ஊற்றினாள்.
பெரும்பாக்கத்தில் பதினோரு வீட்டுக்கு
அன்று காபி தாமதம்.

அதே நேரம் காரணை டீக்கடையில்
என் நண்பர்கள் நாலு டீ சொல்லி
மூன்றைக் குடித்து முடித்திருந்தார்கள்.
நாலாவதில் ஆடை படிந்த பிறகுதான்
பிரகலாதன் எழுந்தானாம்.
இப்போது அவன் ஒவ்வொரு வளைவிலும் நிற்கிறான்.
என் விளக்கு தெரிந்தால்தான் நகர்கிறான்.
எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

பால் கணக்குச் சீட்டில்
பூச்சியத்துக்கும் ஒரு கட்டம் வைத்திருக்கிறாள் தேசம்மா.
பால் வேண்டாம் என்ற நாளையும்
எழுதி வைத்தால்தான் மாதம் கூடுமாம்.

நேற்று மேடவாக்கம் சிக்னலில்
தண்ணி லாரிக்கு வழி விட்டேன்.
பழக்க தோஷம்,
கை தானாக மூடி உயர்ந்தது.
ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார்.
"இன்னா, அடிப்பியா?"
பச்சை விழுந்தது.
சொல்ல நேரமில்லை.