பற்று வரவு

பதினோரு வருடம் காகித ஆலையில் கணக்கெழுதினேன்.
பற்று இந்தப் பக்கம், வரவு அந்தப் பக்கம்.
கடைசிப் பேரேட்டை மூடிய வாரம்
ஆலைக்கே பூட்டு.

இப்போது முப்பத்தெட்டு வயதில்
கல்லூரியில் முதலாண்டு, வெல்டிங் டிப்ளமோ.
வருகைப்பதிவில் ஐலா ரின்டாலா.
பக்கத்துக் கூண்டுப் பையன்களுக்கு
வெறும் 'ஆடிட்டர்'.

தண்டர் பேயில் ஜனவரி.
மைனஸ் முப்பத்தொன்று.
பேருந்துக்கு நிற்கையில் இமையோடு இமை ஒட்டுகிறது.
பட்டறையிலோ முதல் மாதம் முழுக்க
ஒட்டவேண்டிய எதுவும் ஒட்டவில்லை.
ராடு மட்டும் தகட்டைப் பிடித்துக்கொண்டு
விடமாட்டேன் என்றது.
பிடுங்கினேன், முறுக்கினேன்,
ஃபின்னிஷில் திட்டினேன்.

முகமூடியைக் கவிழ்த்தால் கும்மிருட்டு.
தீக்குச்சி கிழிப்பதுபோல் ஓர் உரசல்,
பச்சையாய் ஒரு சொட்டுக் குட்டை.
அதன் கரை எங்கே போகிறதோ
அங்கே நானும் போகவேண்டும்.
சரியாக ஓடினால்
வாணலியில் பன்றிக்கொழுப்பு பொரியும் சத்தம்.
"கண்ணை நம்பாதே, கேள்" என்பாள் காரின்,
என்னைவிடப் பத்து வயது இளையவள்,
சம்பளச் சீட்டு வாங்குகிற ஆசிரியை.

நிற்கவைத்த தகடு. கீழிருந்து மேலே.
தேர்வு நாளில் என் தையல்
நாணயங்களை அடுக்கிச் சரித்துவிட்டது போல இருந்தது.
காரின் கைப்பேசியில் படம்கூட எடுத்தாள்.
கோல்பி பெல்டியேயின் தையலைப் பார்த்து
எல்லோரும் சிரித்தார்கள்.
கோழி கிளறிய குப்பை.

அப்புறம் பட்டை பட்டையாக அறுத்து
வளைப்பு எந்திரத்தில் வைத்தார்கள்.
கோல்பியின் பட்டை
குதிரை லாடமாய் வளைந்து
ஒன்றுமே நடக்காததுபோல் கிடந்தது.

என்னுடையது
பாதி வளைவில்
டப்.

திருப்பிப் பார்த்தேன்.
அத்தனை நாணயங்களுக்கும் அடியில்
உருகவே உருகாத பழைய விளிம்பு,
காலையில் நானே அரம் ஓட்டிய கீறல்களோடு,
அப்படியே.

"இடைவெளி விடவில்லை நீ."
ஆமாம்.
நெருக்கி வைத்தால் நன்றாகச் சேருமென்று
இரண்டு தகட்டையும் முட்ட முட்ட நிறுத்தினேன்.
விவாகரத்துத் தாளில் கையெழுத்திட்ட அதே கை.
அதற்கு இன்னும் புத்தி வரவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் பால் வாங்க நின்றேன்.
கோட்டுப் பையிலிருந்து சில்லறையை அள்ளிக் கொட்ட,
கூடவே விழுந்தது உடைந்த பட்டை.
"இதென்ன?" என்றாள் கல்லாவில் இருந்த ஷெல்பி.
"மார்க் ஷீட்."
அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டுக்
காசை மட்டும் எண்ணினாள்.
இரவு பழக்கதோஷத்தில் கோடு கிழித்தேன்:
பற்று, கல்விக்கடன், பன்னிரண்டாயிரத்து நானூறு டாலர்.
வரவுப் பக்கத்தில் எழுத எதுவும் தோன்றவில்லை.
பட்டையைத் தாளின்மேல் வைத்துவிட்டுத்
தூங்கப் போனேன்.

மறுநாள் மதியம்
கோல்பி தன் கணக்கு நோட்டை நீட்டினான்.
"ஆடிட்டர், பதினாறில் ஐந்தையும் எட்டில் மூன்றையும்
எப்படிக் கூட்டுவது?"
பதினாறில் பதினொன்று என்றேன்,
ஏன் என்றும் சொன்னேன்.
அவன் பூச்சு உதிர்த்த ஒரு ராடை
மடக்கி என் கையில் வைத்தான்.
"இதை நடுவில் செருகு.
ரெண்டு ஓரமும் பிடிக்கிறவரை எடுக்காதே."
பிறகு என் சாண்ட்விச்சில் பாதியைக்
கேட்காமலே எடுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை. மறுதேர்வு.
மடக்கிய கம்பியை உருவுகிறேன்.
இரண்டு தகடுகளுக்கும் நடுவே
மூன்று மில்லிமீட்டர் வெறுமை.
அதற்குள் கண்ணை வைத்தால்
அந்தப் பக்கத்துக் கூண்டில் கோல்பி
மூக்கு சிந்துவது தெரிகிறது.

தலையை ஒரு வெட்டு வெட்ட
முகமூடி இறங்குகிறது.