கண் கிளினிக்கில் ஒரு மழை

கண்ணுக்கு மருந்து விட்டு
அரைமணி இருக்கச் சொன்னார்கள்.
எதிர்ச் சுவரில் யாரோ அன்பளித்த
ஜப்பான் மரஅச்சுப் படம்:
பாலம், மழை, ஒரே குடைக்குள் மூன்று பேர்,
கீழே ஒற்றைத் தோணி.

"கம்பு முக்கால்வாசி வெளியில நிக்கு,
முழங்கால் தண்ணிதான்" என்றார்
நாவலடி அலையப்போடி.
மழை சரிந்த பக்கத்தைப் பார்த்து
வாடைக்காத்து என்றும் தீர்த்துவிட்டார்.
படத்தில் வடக்கு எதுவென்று
நாங்கள் கேட்கவில்லை.

ரிபாயா கால்களைப் பார்த்தாள்.
"மூணாவது பொம்புள அவங்கட ஆள் இல்ல.
செருப்பு வேற. மழைக்கு ஒதுங்கினவ.
குடை பிடிச்சவன்ட தோள் நனையுது, பாருங்க."

மூலையில் ஒரு சிவப்புச் சதுரம்.
தோணி நம்பர் என்றார் அவர்.
விலை என்றாள் அவள்.

நான் மழையிலேயே நின்றுவிட்டேன்.
அதை ஒருவரும் கீறவில்லை.
மழை அல்லாத மரத்தையெல்லாம்
உளியால் எடுத்துப் போட்டிருக்கிறான்;
மிஞ்சி நின்றது
பெய்கிறது.

மருந்து ஏறியது.
முதலில் கோடுகள் போயின, மழை விட்டது.
பிறகு மூன்று பேரும் ஒருவரானார்கள்.
கல்லடிப் பாலமென்றாலும் இனி நம்பலாம்.
நீலம் மட்டும் கிடந்தது,
காலை வாவி மாதிரி, கரையில்லாமல்.

உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள்.
எழும்பிய அலையப்போடி
சுவர்ப் பக்கம் கிறுகிக் கேட்டார்:
"தோணி இன்னும் நிக்கா?"

முந்தானையால் கண்ணைப் பொத்தியபடி
ரிபாயா சொன்னாள்:
"நிக்கி."